மீட்டர் காட்டாத தூசி

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு சின்ன பேட்டர்ன் பட்டறை. மோட்டார் பம்பின் உடலையும் இம்பெல்லரையும் வார்க்க, பவுண்டரிக்காரர்கள் மணலில் பதித்து அச்செடுக்கும் மர மாதிரிகளைச் செய்து தருகிறோம். தேக்கை ரம்பத்தில் அறுத்தால் விழும் தூள் தரையிலேயே கிடக்கும். டிஸ்க் சாண்டரில் தேய்க்கும்போது கிளம்புவது மாவு. அது லேசில் கீழே இறங்காது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அடிக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும், பட்டறை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஆனால் மாவு முழுக்கப் பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியில் போய் உட்காரும். அந்த அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தான். அந்தப் பக்கத்து ஜன்னலை அடைத்தேன். அன்றிலிருந்து மாவு எங்களோடு தங்கிவிட்டது.

முதலில், கிடைத்ததிலேயே அடர்த்தியான வடிகட்டியை வாங்கி ஒரு சின்ன ஃபேனுக்கு முன் பொருத்தினேன். ஊதுபத்தியைக் காட்டினால் புகை அசையவே இல்லை. தூசியை எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கிறது என்பது பாதிதான், நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பது மீதிப் பாதி என்று அப்போதுதான் புரிந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் கோர்சி சொன்ன யோசனையை வைத்து, டெக்சாஸில் வடிகட்டித் தொழில் செய்யும் ஜிம் ரோசென்தால் ஒரு பெட்டி செய்து காட்டினார். நான்கு வடிகட்டிகள் நான்கு சுவர், அடியில் ஒரு அட்டை, மேலே ஃபேன் என்று அதைச் செய்யலாம். ஃபேன் மேல்நோக்கி ஊத, காற்று நான்கு பக்கத்திலிருந்தும் வடிகட்டி வழியே உள்ளே வரும். அதில் போடும் மெர்வ் 13 என்ற தரத்து வடிகட்டி மிக நுண்ணிய துகளில் பாதியை மட்டும் பிடித்தாலும் பரவாயில்லை. பரப்பு பெரிது, காற்று தாராளமாக ஓடும், அதே காற்று திரும்பத் திரும்ப வந்து வடிகட்டப்படும்.

என் பட்டறை 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி; ஆக 3,000 கன அடி. நிமிஷத்துக்கு 500 கன அடி ஓடினால் ஆறு நிமிஷத்தில் ஒரு சுற்று. மில்களுக்கு வடிகட்டி சப்ளை செய்யும் கடையில் 20க்கு 20 இஞ்சில் நான்கு வாங்கினேன். பிளைவுட்டில் வட்டம் வெட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை உட்கார வைப்பது எங்கள் கைக்குப் பழகிய வேலை. சந்துகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தேன். காற்றுத் தர மீட்டர் ஒன்றும் வாங்கினேன். 180 காட்டியது, அரை மணியில் 40க்கு இறங்கியது. சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

எட்டு மாசம் கழித்து, சாண்டரில் நிற்கும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணா, மூக்கச் சிந்துனா இன்னும் தேக்குக் கலராத்தானுங்க வருது."

"மீட்டரப் பாரு கண்ணு, நாப்பதுதான் இருக்குது" என்றேன். அவன் மீட்டரைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பெட்டி என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. பிளக் பாயிண்ட் அங்கேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மீட்டரும் அதே மேஜைமேல். சாண்டர் அங்கிருந்து 12 அடி. அந்த மீட்டர் நுண்துகளைத்தான் ஒழுங்காக எண்ணும். சாண்டர் மாவில் பெரும்பகுதி அதைவிடப் பருமன். மீட்டரில் சரியாகத் தெரியாது, மூக்கில் படியும். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அது முக்கியமாகச் சொல்வது மூக்கறையையும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளையும். நான் அளந்தது ஒன்று, அவன் சுவாசித்தது இன்னொன்று.

மறுநாள் சாண்டர் வட்டின் கீழ்ப்பாதியைச் சுற்றிப் பிளைவுட்டில் ஒரு கூடு அடித்தேன். அதிலிருந்து 4 இஞ்ச் பி.வி.சி. பைப், 20 லிட்டர் பெயிண்ட் வாளி, அதற்கு மேல் ஒரு ப்ளோயர். காற்று வாளிக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழலும். மாவு அடியில் தங்க, நடுக்குழாய் வழியாகக் காற்று மட்டும் மேலேறும். அதில் தப்பி வரும் நுண்தூசிக்குத்தான் பழைய பெட்டி. இப்போது அது சாண்டரை ஒட்டி நிற்கிறது. சாயங்காலம் ஏர் கன்னால் மெஷினையும் சட்டையையும் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கத்தையும் நிறுத்தினேன். அது சுத்தம் இல்லை, இறங்கின தூசியை மறுபடி கிளப்பிவிடுவது. இப்போது வேக்குவம் கிளீனரும் ஈரத்துணியும்தான்.

கூடு, வாளி, ப்ளோயர் எல்லாமாகச் சேர்த்து நான்கு வடிகட்டியின் விலைகூட ஆகவில்லை. முதலில் செய்திருக்க வேண்டியது அதைத்தான். சனிக்கிழமை கூலி கொடுக்கும் முன் வாளியைத் திறந்தால் முக்கால் வாளி மாவு நிற்கிறது.

பையனைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். மூக்குச் சவ்வில் வீக்கம், வேறொன்றும் தெரியவில்லை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும் என்றார். அடுத்தது தை மாசம். நானும் கூடப் போகிறேன்.