மா. கிருஷ்ணனின் ஒட்டுப்போட்ட காமிரா

காட்டுயிர்ப் படக்கலையில் மா. கிருஷ்ணனை ஆசானாகக் கொண்டோர் பலர். அவருடன் காட்டில் நடந்து பயின்றோர் சிலரே. ஏனையோருக்கு அவருடைய எழுத்தும் கறுப்பு வெள்ளைப் படங்களுமே வகுப்பறை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகனாக 1912இல் பிறந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 தொடங்கி 1996இல் மறையும்வரை இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாது எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் பின்னாளில் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தொகுத்தார்.

பத்திக்குரிய கோட்டோவியங்களையும் கிருஷ்ணனே வரைந்தார். அவர் படங்களைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாத செய்தி. மானின் காது எப்படித் திரும்பும், யானையின் முதுகு எங்கே வளையும் என்று வரைந்து வரைந்து அறிந்த கண், காமிராவின் பின்னாலிருந்தும் அதையேதான் தேடும்.

அந்தக் காமிராவோ தனிக்கதை. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கனத்த பெட்டி அது. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குக் கேலிப் பெயரும் சூட்டியிருந்தார். வண்ணப்படம் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளையை அவர் கைவிடவில்லை. (பிடிவாதம்தான்; வேறென்ன சொல்வது!) நடந்தும், பழக்கிய யானையின் மேல் அமர்ந்தும் காட்டு யானைகளைப் படமெடுத்தார். யானைமேல் இருக்கும் மனிதனைக் காட்டு விலங்குகள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. எனவே அவை தம் போக்கில் மேய்வதையும் நீரருந்துவதையும் காண முடிந்தது. ஆனால் ஃபிலிம் அளவாகத்தான் இருக்கும். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை முன்னரே ஊகிக்கத் தெரியாதவனுக்கு அக்கருவியால் பயனில்லை.

நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக்கியது. 1959 முதல் 1970 வரையிலான காலத்தைப் பற்றியது அந்நூல். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972இல். அச்சட்டத்துக்கு முந்தைய காடுகளில் என்னென்ன எஞ்சியிருந்தன என்பதற்கு அவருடைய குறிப்புகளும் படங்களும் சான்று. அழகு அங்கே துணைப்பயன்தான்.

படத்தைச் சான்றாகக் கொள்ளும் இப்பார்வையை மேலும் ஓரடி நகர்த்தலாம். நாகமும் படமெடுக்கும் என்கிறது தமிழ். மிரண்டு தற்காத்துக்கொள்ளும்போதுதான் நாகம் அவ்வாறு செய்கிறது. ஆகவே படமெடுத்த நாகத்தின் படம், பல வேளைகளில், பாம்பைவிடக் காமிராக்காரரைப் பற்றியே அதிகம் சொல்கிறது: அவர் எவ்வளவு நெருங்கினார், எவ்வளவு நேரம் விலகாமல் நின்றார் என்று.

பறவைக் கூடுகளின் நிலை இன்னும் மோசம். கூட்டுப் படங்களை ஏற்காத போட்டிகள் சில இப்போது உண்டு, அது ஆறுதல். மற்றபடி, மறைத்திருந்த இலைகளைக் கிள்ளிவிட்டு எடுத்த குஞ்சுகளின் படத்துக்கு விருப்பக்குறிகள் குவிந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கூட்டை வெயிலோ காகமோ கண்டுகொண்டிருக்கும்.