சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும்?

"சின்னக் குழந்தை, அதுக்கு என்ன தெரியும்... நாளானா மறந்துடும்." வீட்டில் விபரீதம் ஏதாவது நடந்தால் பெரியவர்கள் இப்படித்தான் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். பேச்சை அத்துடன் மூடிவிடவும் இது வசதி!

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் நகரில் வேலை பார்த்த செல்மா ஃப்ரைபெர்க் இதை ஏற்கவில்லை. அவரும் சக ஊழியர்கள் இருவரும் 1975ல் எழுதிய கட்டுரையில் ஒரு தாய் வருகிறாள். கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. அவளோ எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் கேட்ட கேள்வி வேறு. அந்த அழுகை இவள் காதில் ஏன் விழவில்லை?

அவளே சின்ன வயதில் கைவிடப்பட்டு, உறவினர் வீடுகளில் கை மாறி வளர்ந்தவள். அவள் அழுததை அன்று யாரும் கேட்கவில்லை. சிகிச்சையாளர் உட்கார்ந்து அதைக் கேட்டார். தன் பழைய அழுகையை அழுது தீர்க்க ஆரம்பித்த பிறகுதான் அவள் குழந்தையை அள்ளி அணைத்துக்கொண்டாள்.

இந்த வழியில் வந்ததுதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மேனும் பட்ரீஷியா வான் ஹார்னும் வளர்த்தெடுத்த சிகிச்சை. பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகளுக்கானது. குழந்தையைத் தனியாக உள்ளே அழைத்துக்கொண்டு அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. முதல் சில வாரங்கள் அம்மாவிடம் மட்டும் பேசுவார்கள். பிறகு இருவரும் சேர்ந்தே வரவேண்டும். வளர்ப்பது பாட்டி என்றால் பாட்டி வரலாம்.

அறையில் பொம்மைக் குடும்பம், ஆம்புலன்ஸ், போலீஸ் கார், டாக்டர் பெட்டி. குழந்தையிடம் விஷயத்தை மழுப்பாமல் சொல்வார்கள். "அப்பா அம்மாவை அடிச்சதை நீ பார்த்தே. பயந்துட்டே. அப்புறம் ராத்திரி தூக்கம் வர்றதில்லை. இங்கே அதைப் பத்திப் பேசலாம், விளையாடலாம்." அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்வதுதான் முக்கியம். தான் சேட்டை செய்ததால்தான் அப்பா அடித்தார் என்றுகூடச் சில பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கும். அது வாயில் வராது, பொம்மை விளையாட்டில் வந்துவிடும்.

அம்மாவின் பக்கமும் ஒன்று இருக்கிறது. அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று ஊரே கொஞ்சும் முகம், மூன்று வயதுப் பையன் கோபத்தில் கையை ஓங்கும்போது அவளுக்கு வேறு மாதிரி தெரிகிறது. சட்டென்று பின்வாங்குகிறாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவன் எடுத்துக்கொள்கிறான். இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் வேண்டியிருக்கிறது.

2005ல் வந்த ஆய்வில், அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்த 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளும் தாய்மாருமாக 75 ஜோடிகள். வாரம் ஒருமுறை வீதம் ஒரு வருடம். வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இந்தப் பிள்ளைகளின் முரண்டும் பயமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஒரு வருடம் என்பது, வேலைக்குப் போகும் தாய்க்கு லேசான காரியமில்லை.

அடி இன்னும் விழுந்துகொண்டிருக்கும் வீடாக இருந்தால் பொம்மைகளுக்கு முன்னால் வேறு கேள்விகள் வந்துவிடும்: இன்று ராத்திரி இரண்டு பேரும் எங்கே தூங்கப் போகிறார்கள், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?