எந்த மெஷினில ஏறுறது?

எங்கட ஜிம்மில பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிற நேரம் பின்னேரம் 3 மணியிலிருந்து 5 மணி வரைக்கும். கம்பஸில கடைசி விரிவுரை முடிஞ்சு, பஸ் பிடிச்சு, உடுப்பு மாத்தி முடிக்க எப்படியும் மூன்றே முக்கால் ஆகிடும். மிச்சம் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும்தான்.

கார்டியோப் பக்கம் ஆறு மெஷின் இருக்கு. ட்ரெட்மில் ரெண்டு, அதில ஒன்றில ‘பாவிக்க வேண்டாம்’ என்று ஒட்டின கடதாசி இப்ப மஞ்சளாப் போச்சு. எலிப்டிக்கல் ஒன்று. சைக்கிள் ரெண்டு. மூலையில ஒரு ரோவிங் மெஷின். அதில ஆக்கள் இருந்து இழுத்ததை விட துவாய் காயப்போட்டதுதான் கூட. எல்லாருக்கும் வேண்டியது அந்த ஒரு நல்ல ட்ரெட்மில். அதுக்கு வரிசையில நிண்டாலே இருபது நிமிஷம் போயிடும். மகாபொலக் காசில மிச்சம் பிடிச்சுக் கட்டுற மாசக் காசு அது. நிண்டு பாக்கிறதுக்காகக் கட்டேல்ல. அதனால, மற்ற மெஷின்களில நேரத்தைக் கழிச்சா அதே பலன் வருமா வராதா என்று நானே ஒரு மாசம் ஏறி இறங்கிப் பாத்தன்.

“ரோட்டில ஓடலாமே, எதுக்கு ஜிம்?” என்று கேக்கிற ஆக்களுக்கு: ஓடிப் பாத்தனான். முதல் நாள் நாய். ரெண்டாம் நாள் மோட்டச்சைக்கிளில ரெண்டு பெடியள், ஒழுங்கை முடியுமட்டும் பின்னாலயே வந்தாங்கள். மூண்டாம் நாள் ஒரு மாமி வீட்டுக்கு வந்து, “பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையோ?” என்று அம்மாட்ட விசாரிச்சவ. நாலாம் நாள் நான் ஓடேல்ல.

இதெல்லாம் தொடங்கினது போன வருசம், அப்பாவால.

அப்பாக்கு 52 வயசு. சிகரெட் இல்லை, குடி இல்லை. கந்தோர் வேலை, கதிரைதான் உலகம். சீனி வருத்தத்துக்குப் பத்து வருசமாக் குளிசை போடுறார். படி ஏறேக்க நெஞ்சு இறுக்குது என்று ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். “வாய்வெண்டு நினைச்சன்” என்று பிறகு சொன்னவர். சும்மா படுத்திருக்கேக்க எடுத்த ஈசிஜியில பெரிசா ஒண்டும் தெரியேல்ல. நடக்கவிட்டுப் பாக்கவேணும் என்று டொக்டர் சொன்னவர்.

அப்பிடித்தான் நான் முதன்முதலா ஒரு ட்ரெட்மில்லைக் கிட்ட நிண்டு பாத்தது. ஜிம்மில இல்லை, ஆஸ்பத்திரியில. அப்பாட சேட்டையும் செருப்பையும் கையில வைச்சுக்கொண்டு வாசலில நிண்டனான். நெஞ்சு முழுக்க வயரோட அப்பா அந்தப் பட்டிக்கு மேல நடந்துகொண்டு இருந்தார்.

அந்தச் சோதனைக்குப் புரூஸ் முறை என்று பெயர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில இருந்த ரொபேர்ட் புரூஸ் என்ற இதய வைத்தியர் 1963இல வெளியிட்டது. மூன்று நிமிஷத்துக்கு ஒருக்கா வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீற்றர், ஏற்றம் 10 வீதம். ரெண்டாவது 4 கிலோமீற்றர், 12 வீதம். மூன்றாவது 5.5 கிலோமீற்றர், 14 வீதம். அப்பா மூன்றாவது கட்டத்துக்குப் போகேல்ல. 5 நிமிஷம் 40 செக்கனில கையை உயர்த்தினவர். றிப்போட்டில அந்த நேரம் எழுதியிருந்தது.

பிறகு அஞ்சியோகிராம், ஸ்டென்ட், ஒரு கட்டுக் குளிசை. அப்பா தப்பிட்டார். கடைசி நாள் டொக்டர் என்னைப் பாத்துத்தான் கதைச்சவர். தகப்பனுக்கு 55 வயசுக்கு முதல் இந்த வருத்தம் வந்தால் பிள்ளையளும் கவனமா இருக்கவேணுமாம். எங்கட பக்கத்து ஆக்களுக்கு, பாக்க மெல்லிசா இருந்தாலும் வயித்தைச் சுத்திக் கொழுப்பு இருந்தா சீனியும் இதய வருத்தமும் வாற வாய்ப்புக் கூடவாம். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. வீட்ட வந்து அம்மாட தையல் நாடாவால அளந்தன். 84. கம்பஸில மூண்டாம் மாடிக்கு ஏறினால் வகுப்பில முதல் பத்து நிமிஷமும் எனக்கு இளைக்கும். அதை நான் இவ்வளவு நாளும் பகிடியாத்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான்.

சரி, மெஷினுக்கு வருவம்.

ஒப்பிடுறதுக்கு ஒரு அளவுகோல் வேணும். மெஷின் காட்டுற கலோரி எண்ணை நான் முதல் கிழமையே கைவிட்டன். எங்கட எலிப்டிக்கல் என்ர நிறையைக் கேக்கிறதில்லை, வயசைக் கேக்கிறதில்லை. ஆனா 20 நிமிஷத்தில 310 கலோரி எரிச்சிட்டன் என்று சொல்லுது. என்ர நிறையே தெரியாத மெஷின் அதை எப்பிடிச் சொல்லும்? அதனால நான் நாடியைப் பிடிச்சன். 220இல இருந்து வயசைக் கழிச்சா உச்சத் துடிப்பு எவ்வளவு என்று ஓரளவு வரும், எனக்கு 198. அதில 64 வீதத்திலிருந்து 76 வீதம் வரைக்கும் மிதமான உடற்பயிற்சி. கணக்குப் பாத்தா, 15 செக்கனுக்கு 32இலிருந்து 37 துடிப்பு. கணக்கு வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கு: கதைக்க ஏலும், ஆனா பாட ஏலாது என்ற நிலை. எங்கட ஜிம்மில போடுற பாட்டுக்குச் சேந்து பாட ஏலுமெண்டால் நீங்கள் இன்னும் கொஞ்சம் கூட்டவேணும்.

ட்ரெட்மில்: 5.5 கிலோமீற்றர் வேகம், 5 வீத ஏற்றம், 20 நிமிஷம். நாடி 36. ஓடாமல் நடந்தே இவ்வளவும் வந்தது. வேகத்தைக் கூட்டிக் குதிச்சு ஓடுறதை விட, ஏற்றத்தைக் கூட்டி நடந்தா முழங்காலுக்கும் சுகம். அடுத்த நாள் அதே வேகம், அதே ஏற்றம், ஆனா எல்லாரும் செய்யிற மாதிரி முன்கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நடந்தன். நாடி 30. உடம்பைக் கம்பி தாங்குது, கால் சும்மா போகுது. வரிசையில நிண்டு ஏறி, கம்பியைப் பிடிச்சா, நிண்ட நேரம் வீண். ட்ரெட்மில்லுக்கு இருக்கிற இன்னொரு நன்மை, எங்கட பாரத்தை நாங்களே சுமக்கிறது. எலும்புக்கு அது நல்லது. தீமை: கரண்ட் போனால் செத்துப்போகும். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்டில இதையும் கணக்கில எடுக்கத்தான் வேணும்.

இந்த ட்ரெட்மில் முதல் சிறைச்சாலைக்கு வந்த சாமான். 1818இல வில்லியம் குபிட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் கைதிகளுக்கு வேலை குடுக்கிறதுக்காகச் செய்த சுத்துப்படி அது. ஏற ஏறச் சில்லுச் சுத்தும், கைதி அதே இடத்திலதான். எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டையும் 1895இல அதில ஏத்தியிருக்கிறாங்கள். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இது தெரியாமல் இருந்தாத்தான் பிழை. ஒரு காலத்துத் தண்டனைக்கு இப்ப நாங்கள் காசு கட்டி வரிசையில நிக்கிறம்.

எலிப்டிக்கல்: கால் மிதியை விட்டுக் கிளம்புறதே இல்லை, அதனால முழங்காலில அடி விழாது. முழங்கால் நோ உள்ள ஆக்களுக்கு, நிறை கூடின ஆக்களுக்கு இதுதான் நல்லம். பிரச்சினை என்னெண்டால், ஒருக்காச் சுத்தத் தொடங்கினா அது தன்ர பாட்டில எங்களையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் பத்து நிமிஷத்தில நாடி 33, அடுத்த பத்தில 29. நான் களைக்கேல்ல, கள்ளம் அடிச்சிருக்கிறன். கைபிடியை உண்மையாத் தள்ளி இழுத்து, இறுக்கத்தையும் ரெண்டு படி கூட்டினாப் பிறகுதான் 35க்கு வந்தது.

சைக்கிள்: முதல் நாள் போனைப் பாத்துக்கொண்டு உழக்கினன். நாடி 25. அது உடற்பயிற்சி இல்லை, கதிரை. போனைப் பையுக்க வைச்சு இறுக்கத்தைக் கூட்டினன், 34. சீற்றின்ர உயரம் முக்கியம்: மிதி ஆகக் கீழ வரேக்க முழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருக்கவேணும். சீற் பதிஞ்சிருந்தா முழங்கால் நோகும். நோகேக்க எல்லாரும் சைக்கிளில பிழை சொல்லுவினம்.

இதைச் சொல்ல அப்பா சிரிச்சவர். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில யாழ்ப்பாணத்தில பெற்றோல் கண்ணில காட்டேல்ல. அரிசி மூட்டை, விறகு, வருத்தக்காரர் எல்லாம் சைக்கிளில. இரவில அதே சைக்கிளைக் கவிட்டு வைச்சு, கையால மிதியைச் சுத்தி, டைனமோவில வாற கரண்டில ரேடியோ கேட்டவையாம். “நாங்கள் உழக்கினா செய்தி வந்தது, நீ காசு கட்டி உழக்கிறாய், என்ன வருது?” என்று கேட்டவர். எனக்குப் பதில் வரேல்ல. ஆனா ஒன்று யோசிச்சன். அந்த அப்பா எப்ப சைக்கிளை விட்டவர்? மோட்டச்சைக்கிள் வாங்கின வருசம். கந்தோருக்கு மூண்டு கிலோமீற்றர்தான்.

ரோவிங்: துவாயை எடுத்துப்போட்டு இருந்தன். ஐந்து நிமிஷத்தில நாடி 43, அடுத்த நாள் நாரி நோ. நான் கையாலயும் முதுகாலயும் இழுத்திருக்கிறன். ட்ரெயினர் அக்கா வந்து காட்டினவ: முதல் காலால தள்ளவேணும், பிறகு உடம்பு பின்னால சாயவேணும், கடைசியாத்தான் கை. திரும்பி வரேக்க எதிர்ப் பக்கமா: கை, உடம்பு, கால். பேர்தான் துழாவல், வேலை கூட காலுக்கு. பக்கத்தில இருக்கிற நெம்பை 10இல வைச்சா வீரம் என்று நினைச்சதும் பிழை. 3, 4 போதும், தள்ளுற தள்ளில பலம் வரவேணும். நிமிஷத்துக்கு 22 தரம் ஆறுதலா இழுக்க நாடி 37இல நிண்டது. கால், முதுகு, கை எல்லாத்துக்கும் ஒரே நேரத்தில வேலை. எங்கட ஜிம்மில இருக்கிறது காத்தில ஓடுற வகை, கரண்ட் போனாலும் ஓடும். வரிசையும் இல்லை. ஒரு மாசம் முடிய, நான் கூடுதலா ஏறுறது இதிலதான்.

ஐந்தாவது ஒன்றும் இருக்கு, காசில்லை: கம்பஸ் படி. மூண்டு மாடி, நாளுக்கு நாலு தரம். இப்ப ஏறி முடிய இளைக்கிறது ரெண்டு நிமிஷம்தான்.

இப்ப தீர்ப்பு. நாடி 32க்கும் 37க்கும் இடையில நிண்டால், எந்த மெஷின் என்றது நெஞ்சுக்குப் பெரிசாத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் கேக்கிறது கிழமைக்கு 150இலிருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அல்லது 75இலிருந்து 150 நிமிஷம் கடுமையான பயிற்சி. ட்ரெட்மில் என்று ஒரு இடத்திலயும் சொல்லேல்ல. முழங்கால் நோவெண்டால் எலிப்டிக்கல் அல்லது சைக்கிள். நேரம் குறைவெண்டால் ரோவிங். எலும்புக்கும் சேத்தெண்டால் ட்ரெட்மில்லில ஏற்றம் வைச்சு, கம்பியை விட்டிட்டு நடவுங்கோ. வரிசை நீளமெண்டால் நிக்காதேங்கோ, காலியா இருக்கிறதில ஏறுங்கோ.

இவ்வளவும் சொல்லிப்போட்டு ஒன்றை மறைக்க விருப்பமில்லை. ஒரு நாள் மழை, ஜிம்மில ஆக்களே இல்லை. ட்ரெட்மில் காலியா இருந்தது. ஏறி 2.7 என்று போட்டன், ஏற்றம் 10. மூண்டு நிமிஷத்தில 4, ஏற்றம் 12. (நெஞ்சு நோ இருக்கிற ஆரும் இதைத் தனியச் செய்யாதேங்கோ, அதுக்குப் பக்கத்தில டொக்டர் நிக்கவேணும்.) எனக்கு அது லேசாத்தான் இருந்தது. வேர்க்கக்கூட இல்லை. 5 நிமிஷம் 40 செக்கன் வரேக்க நான் மணிக்கூட்டைப் பாத்தன். இவ்வளவுதான். இந்த இடத்திலதான் அப்பா கையை உயர்த்தினவர். என்னைச் சின்னனில தோளில வைச்சு நல்லூர்த் தேர் காட்டின மனிசனுக்கு, இந்த ஏற்றத்தில, இந்த வேகத்தில, இதுக்கு மேல ஏலாமல் போயிருக்கு. நான் நிப்பாட்டேல்ல. 5.5, ஏற்றம் 14 வந்தது. ஒன்பது நிமிஷம் முடியிற வரைக்கும் நடந்தன். கடைசி நிமிஷத்தில நல்லா இளைச்சது. பிறகு இறங்கி சைக்கிள் சீற்றில கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

அப்பா இப்ப பின்னேரத்தில கோயில் வெளிவீதியில அரை மணித்தியாலம் நடக்கிறார். நாடி பிடிக்க நான்தான் பழக்கினன். போன கிழமை, “அப்ப உன்ர ஆராய்ச்சியில எது முதலாவது?” என்று கேட்டவர். “ஏறினா இறங்க மனம் வராத ஒண்டு” என்று சொன்னன். அவர் ஒண்டும் சொல்லேல்ல. அடுத்த நாள் பாத்தா, கோடிக்குள்ள சாத்தி வைச்சிருந்த பழைய லுமாலாவை வெளிய எடுத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பின் ரயருக்குக் காத்தும் அடிச்சு வைச்சிருக்கிறார்.

அடுத்த கிளினிக்கில டொக்டரிட்டக் கேட்டிட்டுத்தான் ஏறவேணும் என்று, பூட்டுத் திறப்பை அம்மா ஒளிச்சு வைச்சிருக்கிறா.