கழிவறைப் பக்கத்து டிவி

மலேசியாவில் எவர்டன் ரசிகர் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி "ஏன்?" என்பதுதான். மென்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் ரசிகர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. எவர்டன் கடைசியாக எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது 1995இல். அதன் பிறகு அந்த அலமாரியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் சேரவில்லை. அப்போது நான் பிறக்கவே இல்லை.

என்னுடைய காரணம் டிம் கேஹில். ஆஸ்திரேலியக்காரர், ஆறடியைத் தொடாதவர். தன்னைவிட உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு மேலே எழும்பித் தலையால் கோல் அடிப்பார். அடித்ததும் ஓடிப்போய் கார்னர் கொடியோடு குத்துச்சண்டை போடுவார். எங்கள் தமிழ்ப்பள்ளித் திடலில் கார்னர் கொடி கிடையாது. நாங்கள் பள்ளிப்பையைக் குத்துவோம்.

எங்கள் ரசிகர் குழுவுக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை. 2019இல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பப்பில் நான்கு பேர் தனித்தனியாக வந்து ஒரே டிவியைப் பார்த்ததுதான் அதன் தொடக்கம். பெரிய திரை எப்போதும் பெரிய கிளப்புகளுக்கு. எவர்டன் ஆட்டம் கழிவறைக் கதவை ஒட்டியிருந்த சின்ன டிவியில் சத்தமில்லாமல் ஓடும். யாராவது கழிவறைக்குப் போனால் ஒரு கார்னர் கிக் மறைந்துவிடும். மூன்றாவது வாரம், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார். "தம்பி, தனித்தனியா உக்காந்து அழறதுக்கு ஒண்ணா உக்காந்து அழலாம் லா" என்றார். அவர், ஒரு சீனக் கணக்காளர், சபாவிலிருந்து வந்த ஒரு தாதி, பொறியியல் இறுதியாண்டில் இருந்த நான். ஒரு பீரை இரண்டு மணி நேரம் குடிக்கும் வித்தையை அங்கேதான் கற்றேன். மாணவனின் பட்ஜெட் அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அங்கே தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பத்துக்கு வரும், குளிர்காலத்தில் பதினொன்றுக்கு. வீட்டிலிருந்து கிளம்பும்போது பாட்டி எங்கே என்று கேட்பார். "பப்புக்கு, மேட்ச் பாக்க" என்பேன். பப் என்ற சொல்லுக்குப் பாட்டியிடம் இருந்த ஒரே மொழிபெயர்ப்பு கள்ளுக்கடை.

அதில் தவறு சொல்ல முடியாது. பாட்டி வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் கள்ளுக்கடைக்குப் பக்கத்தில்தான் காற்பந்துத் திடல். சாயங்காலம் பந்து ஆடியவர்களும் பார்த்தவர்களும் அடுத்து போகும் இடம் அது. சம்பளத்தில் பாதி வீடு வந்து சேர்வதற்கு முன்பே அங்கே இறங்கிவிடும். தாத்தாவின் ஈரலும் அங்கேதான் போனது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. குடிக்கும் இடத்தில் ஆண்கள் கூடி உட்கார்வதை ஒரு கலாசாரம் என்று நான் கட்டுரை எழுதலாம். பாட்டிக்கு அது காலியான அரிசி டின்.

2021இல் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே டெக்னீஷியனாக இருந்த மலாய்க்கார நண்பர் எவர்டன் பைத்தியம். அவருக்கும் கேஹில்தான் காரணம். எவர்டன் சட்டையின் நெஞ்சில் 2004 முதல் 2017 வரை இருந்த பெயர் 'சாங்'. தாய்லாந்து பீர். சிறுவனாக இருந்தபோது அந்தச் சட்டை வேண்டும் என்று அழுதிருக்கிறார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். பிறகு அம்மா சட்டையை வாங்கி, எழுத்தின் மேல் நீலத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். "கடையில கிடைக்காத ஸ்பான்சர் எனக்கு, எங்கம்மா" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

கட்டுப்பாடுகள் தளர்ந்து நாங்கள் மீண்டும் பப்பில் கூடியபோது, எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். ஒரு நொடி கழித்து, "முடிஞ்சதும் ஸ்கோர் அனுப்பு" என்றார். அவர் வீட்டில் கைபேசியில் தனியாகப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். முஸ்லிம் என்பதால் அவர் உள்ளே வர முடியாது. நாங்கள் யாரையும் விலக்கவில்லை. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் அந்த வேலையை எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தது.

இடத்தை மாற்றலாம் என்று குழுவில் சொன்னேன். பெரிய சண்டை இல்லை, ஆனால் சின்னதும் இல்லை. "மாமாக் கடையில நூறு பேரு லிவர்பூல் பாப்பான். நமக்கு எவன் சேனல் மாத்துவான்?" என்றார் அங்கிள். நியாயம். பிறகு, "காற்பந்தே பப்பில பொறந்தது தம்பி" என்றார். அதுவும் உண்மை. 1863 அக்டோபர் 26ஆம் தேதி லண்டனில் ஃப்ரீமேசன்ஸ் டேவர்னில் கூடித்தான் இங்கிலாந்து காற்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1878இல் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் தேவாலயத்தின் குழுவாகத் தொடங்கிய அணிக்கு, மறு ஆண்டு எவர்டன் என்று பெயர் வைத்ததும் குவீன்ஸ் ஹெட் என்ற மதுக்கடையில்தான்.

கணக்காளர் அதுவரை பேசாமல் இருந்தார். "மீதிக் கதையையும் சொல்லுங்க" என்றார். மீதிக் கதை இது. எவர்டன் முன்பு ஆடியது ஆன்ஃபீல்டில். அந்தத் திடலின் பின்னால் இருந்தவர் ஜான் ஹோல்டிங் என்ற பீர் ஆலை முதலாளி. பக்கத்திலிருந்த அவருடைய சேண்டன் ஹோட்டலில்தான் ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொண்டார்கள். வாடகையிலும் நிலத்திலும் தகராறு முற்றி, 1892இல் எவர்டன் ஸ்டான்லி பூங்காவைத் தாண்டிப் போய் குடிசன் பார்க்கில் புதுத் திடல் கட்டிக்கொண்டது. காலியாகக் கிடந்த ஆன்ஃபீல்டில் ஆட ஹோல்டிங் தொடங்கிய கிளப்தான் லிவர்பூல். "ஆக, எழுந்து போனவங்கதான் நாம" என்றார் கணக்காளர்.

அங்கிள் சிரிக்கவில்லை. மனைவி இறந்த பிறகு சனிக்கிழமை இரவு வீட்டில் இருக்க முடியாமல்தான் அவர் அந்தப் பப்புக்கு வர ஆரம்பித்தார். பரிமாறும் பெண்ணுக்கு அவர் கிளாஸ் எது என்று தெரியும். இரண்டு வாரம் வராவிட்டால் அவள் போன் செய்வாள். மாமாக் கடையில் அவர் பதினேழாம் மேசை, அவ்வளவுதான். அவர் பேசியது பீருக்காக இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்று எந்த முடிவும் எடுக்கவில்லை.

முடிவை எடுத்தது ஆட்ட அட்டவணை. 2022 மே 19, கிறிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டம். வென்றால் பிரீமியர் லீக்கில் தங்கலாம். மலேசிய நேரம் வெள்ளிக்கிழமை விடியற்காலை 2:45. பப் மூடிவிடும், மாமாக் கடை மூடாது. ஐந்து பேரும் போனோம். அந்த நேரத்தில் சேனலை மாற்றச் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. பாதி ஆட்டத்தில் 0–2. அங்கிள் தே தாரேக் கிளாஸைத் தள்ளி வைத்து, "டீ குடிச்சிட்டுத் திட்ட வரமாட்டேங்குது" என்றார். பிறகு கீன் ஒன்று, ரிச்சார்லிசன் ஒன்று. 85ஆவது நிமிடம் கால்வர்ட் லூவின் பாய்ந்து தலையால் முட்டியபோது, என் நண்பர் முதலில் கட்டிப்பிடித்தது அங்கிளை. அதற்கு முன் அவர்கள் பேசியது நாலு வார்த்தை இருக்கும். ரொட்டி சானாய் போடுபவர் கல்லைவிட்டு ஓடி வந்து என்ன ஆச்சு என்று பார்த்தார்.

இப்போது குழுவில் பதினொரு பேர். என் தங்கையும் வருகிறாள். பப் என்றால் அம்மா அவளை விட்டிருக்கமாட்டார், அவளும் கேட்டிருக்கமாட்டாள். 2025 மே 18, குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். அது நமக்கு மாலை ஏழு மணி. இடைவேளையில் நண்பர் மஃக்ரிப் தொழப் போனார். அவருடைய நாற்காலியில் பையை வைத்துக் காவல் காத்தது அங்கிள். சவுத்தாம்ப்டனை 2–0 என வென்றோம். குடிசனை இடிக்காமல் எவர்டன் பெண்கள் அணிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தங்கைதான் படித்துச் சொன்னாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத மாட்டேன். அங்கிள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மாமாக் கடைக்கு வருகிறார். மற்ற சனிக்கிழமைகளில் பப்பில், அந்தக் கழிவறைப் பக்கத்து டிவி முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு கதவைத் திறந்தபோது இன்னொரு நாற்காலி பாதி காலியானது. அதற்காகப் பழைய இடத்துக்கே திரும்பிப் போக யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நாங்கள் முறை வைத்திருக்கிறோம். மாமாக் கடையில் ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு பப்புக்குப் போய் அவரோடு அரை மணி நேரம் உட்கார வேண்டும். வரும் சனிக்கிழமை கணக்காளர் முறை. அதற்கடுத்தது என்னுடையது.