இழுத்த இழுப்பில்

குறுக்குத்துறையில் தாமிரபரணி பாறைகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடும். அங்கே நீச்சல் பழகிய எங்களுக்குக் கையடிப்பதும் காலடிப்பதும் அப்புறம்தான்; எந்த இடத்தில் தண்ணீர் இழுக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டுப் பெரியப்பா சொல்வார்: "ஏல, தண்ணிகூட மல்லுக்கு நிக்காத. அது போற போக்குல பையப் போ. கரை தானா வரும்."

அந்தக் குரலைப் பல வருஷம் கழித்து சிங்கப்பூரில், கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் நீர்நிலையில் கேட்டேன். சொன்னவர் வேக்போர்டு என்னும் நீர்ப்பலகைச் சறுக்கு கற்றுக்கொடுக்கும் இளைஞர். "கயிற்றை நீங்க இழுக்காதீங்க. அது உங்களை இழுக்கட்டும்." அங்கே படகு கிடையாது. கோபுரங்களுக்கிடையே தலைக்கு மேல் ஓடும் கம்பிவடம்தான் ஆளை இழுத்துப் போகும். ஜெர்மன் பொறியாளர் புரூனோ ரிக்சன் உருவாக்கிய முறை அது.

இரண்டு கால்களும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். முழங்கால் நெஞ்சைத் தொட, பலகை குறுக்காக முன்னால் நிற்க, கைகளை நீட்டிப் பிடியைப் பற்றிக்கொண்டு மிதக்க வேண்டும். வடம் இழுக்கும்போது உடனே எழுந்து நிற்கத்தான் உடம்பு துடிக்கும். அப்படி எழுந்தால் பலகை நீரை வெட்டி உள்ளே இறங்கும். கையை மடக்கினாலோ கயிறு ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் வெடுக்கென்று இழுத்து முகங்குப்புறத் தள்ளிவிடும். படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் குத்தவைத்து உட்காருவார்களே, அந்த இருப்பிலேயே இருந்தால் போதும். வேகம் கூடக் கூடத் தண்ணீர் பலகையின் அடியை முட்டித் தூக்கும். பலகை நீர்மேல் வழுக்கத் தொடங்கிய பிறகு மெல்ல நிமிரலாம், ஒரு காலை முன்னுக்குத் திருப்பலாம். கண் மட்டும் பலகையைப் பார்க்கக் கூடாது. தூரத்தில் இருக்க வேண்டும்.

1922-இல் அமெரிக்காவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையனும் இந்த வித்தையைத்தான் கண்டுபிடித்தான். பீப்பாய்ப் பலகை, பனிச்சறுக்குக் கட்டை எல்லாம் கட்டிப் பார்த்து மூழ்கினான். கடைசியில் பலகை நுனிகளை வெந்நீரில் இளக்கி வளைத்து, அவற்றை நீருக்கு மேலே தூக்கிவைத்துப் பின்னால் சாய்ந்தான்; அண்ணன் ஓட்டிய படகு அவனை எழுப்பிவிட்டது. நீர்ச்சறுக்கு அங்கே பிறந்தது. வேக்போர்டு அதன் வழிவந்த பிள்ளை.

நான் முதலில் நிமிர்ந்த அந்தச் சில விநாடிகளில் நினைவுக்கு வந்தது குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில் அது. வெள்ளம் வருமென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, மற்றதை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். தண்ணீர் மூடும், வடியும், கழுவிவிட்டுப் பூஜை தொடங்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது தாமிரபரணிப் பள்ளத்தாக்கே தத்தளித்தது. அந்தச் செய்திகளை சிங்கப்பூரில் இருந்து பார்த்தபோது, பெரியப்பா கற்றுக்கொடுத்தது விளையாட்டு இல்லை என்று தோன்றியது. பாபநாசத்தில் அணை திறந்தால் ஆற்றின் நடை மாறும். அது அங்கே குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இன்று அந்தப் பாடம் அருகிவருகிறது. நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. பெற்றோர் பிள்ளைகளைத் துறைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது, கோபம் சாக்கடையை விட்டவர்கள்மேல்தான். பொதிகையில் இறங்கி, இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு, புன்னக்காயலில் கடல் சேரும் வரை ஒரே மாவட்டத்து ஆறாகவே ரொம்ப காலம் ஓடிய நதி இது. அதன் கரையில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் குளம்தான் தண்ணீர் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. என் படத்தைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, எனக்கும் பலகை வாங்கிட்டு வாங்க" என்கிறாள். வாங்கித் தருகிறேன். அதற்கு முன்னால் சேரன்மகாதேவிப் பக்கம் ஆறு தெளிவாக ஓடும் இடத்துக்கு அவள் தாத்தாவோடு, அதாவது என் பெரியப்பாவோடு, போகச் சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவுக்கு முட்டுவலி, இறங்க முடியாது. கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். சுரைக்குடுக்கை எங்கே கிடைக்கும் என்றுதான் இப்போது வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.