நோவில்லாத காயம்



இதை எழுதச் சொன்னது எங்கட வாப்பாதான். "ஊர் ஆக்கள் படிக்கட்டும்" என்றார்.

வாப்பாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சீனி வருத்தம். ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவரின் காலில் இரத்தம். செருப்பின் அடியால் ஏறிய சின்ன ஆணி பெருவிரலில் குத்தியிருந்தது. பள்ளியிலிருந்து அதன் மேலேயே நடந்து வந்திருக்கிறார்.

"நோவே இல்ல மகன், விடுங்க" என்றார். நாங்களும் விட்டோம். உம்மா கோப்பித்தூள் வைத்துக் கட்டினா. வீட்டில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறோம். வகுப்பில் நரம்பைப் படம் கீறிப் படிப்பிக்கிற எங்களுக்கு, நோவில்லாததுதான் ஆபத்து என்று விளங்கவில்லை.

பத்தாம் நாள் வாடை வந்தது. விரல் வீங்கிச் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வாப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் இழையொன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். "தொடுற நேரம் சொல்லுங்க." வாப்பா காத்துக்கொண்டே இருந்தார். டொக்டர் தொட்டு முடித்திருந்தார். பிறகு பாதத்தில் நாடி பார்த்தார். இரத்த ஓட்டம் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் புண்ணுக்குள் விட்ட கருவி எலும்பில் தட்டியது. எக்ஸ்ரேயிலும் எலும்பு பழுதாகியிருந்தது. பெருவிரலை எடுத்தார்கள்.

மருந்து கட்டுவதைவிடக் கஷ்டம், அந்தக் காலை ஊன்றாமல் வைத்திருப்பது. ஒவ்வொரு எட்டும் புண்ணை மறுபடி நசுக்கும் என்றார்கள். வாப்பா கதிரையில் இருந்து தொழுதார். வுழூவில் கட்டின் மேல் மஸஹ் செய்தார். புண் ஆற நான்கு மாதம் சென்றது.

ஐந்து நேரமும் கால் கழுவிய வீட்டில், ஒரு நேரமாவது பாதத்தின் அடியை யாரும் பார்க்கவில்லை. இப்போது இஷாவுக்குப் பிறகு பேரப்பிள்ளை பார்க்கிறது: அடிப்பாதம், குதி, விரலிடுக்கு. ஈரம் துடைக்கிறது. வாப்பா செருப்புப் போட முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறது.

உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் இன்றிரவே பாதத்தைப் பாருங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம் கண்டால் நோகட்டும் என்று காத்திருக்காமல், எதையும் பூசாமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். ஆணிக்காலை பிளேட்டால் வெட்ட வேண்டாம். சுடுதண்ணீரில் கால் வைக்க வேண்டாம். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கிளினிக்கில் இரத்தம் சோதிக்கும்போது பாதத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாப்பாவுக்கு துஆச் செய்யுங்கள்.