பீடித் தட்டுக்குப் பக்கத்தில் ஒருதலை ராகம்

காதலில் தோற்றவன் பாட்டைத் தோற்றவன்தான் கேட்பான் என்று நினைப்பவர்கள் கீழப்பாவூர்ப் பக்கம் வந்ததில்லை. 1980இல் ‘ஒருதலை ராகம்’ வெளியானபோது தாடி வளர்த்த பையன்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். கேசட் பதிந்து கொடுக்கும் கடையில் துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். கல்யாணம் ஆனதும் தாடி போயிற்று. அதே கேசட்டில் ஐயப்பன் பாட்டு ஏறியது. அந்தப் படத்துப் பாட்டுகளை வருஷக்கணக்கில் விடாமல் கேட்டவர்கள் பீடி சுற்றிய பெண்கள்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். மடியில் சொளவு. நனைத்து வைத்த இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி நூலைச் சுற்ற வேண்டும். கை தானாக ஓடும். கண் இலையில் இருக்கும். காதுக்குத்தான் வேலை கிடையாது. அந்தக் காதுக்கு 1963இல் வந்த திருநெல்வேலி வானொலியும் இலங்கை வானொலியும் தீனி போட்டன. எங்களுக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். ராத்திரியில் இலங்கை அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல் அடுத்த தெருவிலிருந்து பேசுவது மாதிரி கேட்கும்.

டி. ராஜேந்தர் எழுதி இசையமைத்த அந்தப் படத்தில் எஸ்.பி.பி., ஜெயச்சந்திரன், டி.எம்.எஸ்., மலேசியா வாசுதேவன் எல்லாரும் பாடியிருக்கிறார்கள். பெண் குரலில் ஒரு பாட்டு இல்லை. நாயகன் உருகிக்கொண்டே இருக்கிறான். அவள் ஆசையை மனசுக்குள் பூட்டி வைக்கிறாள். கடைசியில் சொல்லிவிடலாம் என்று அவள் ரயிலடிக்கு வரும்போது அவன் உயிர் போய்விட்டது. படம் பார்த்துவிட்டு வந்த பையன்கள் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். எங்கள் மைனி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: “அவ எப்பிடிலே சொல்லுவா? சொன்னா மறுநா காலேஜுக்கு விட்டிருவாங்களாக்கும்?” ஒருவனும் பதில் பேசவில்லை.

டி.எம்.எஸ். அதில் இரண்டு சோகப் பாட்டுகள் பாடினார். வார்த்தைகள் அபசகுனம், அதோடுதான் அவருக்கு வாய்ப்பு போயிற்று என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்ததுமே காற்று திசை மாறிவிட்டது. ஆனால் அந்தப் பயம் ஊருக்குள் நிஜமாகவே இருந்தது. கல்யாண வீட்டில் ரேடியோ செட் போடுகிறவர் அந்த இசைத்தட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டுத்தான் குழாயைக் கட்ட மரம் ஏறுவார்.

அதே 1980இல், ஒரு மாதம் முந்தி, அமெரிக்காவில் ஜார்ஜ் ஜோன்ஸ் என்கிற கன்ட்ரி பாடகர் ஒரு பாட்டு வெளியிட்டார். விட்டுப்போனவளைச் சாகும்வரை நினைத்துக்கொண்டே இருந்தவனின் கதை. அவன் செத்த அன்றைக்குத்தான் அந்தக் காதல் நிற்கிறது. இவ்வளவு சாவுக்களை கொண்ட பாட்டை எவன் வாங்குவான் என்று ஜோன்ஸே முரண்டு பிடித்தார். அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போய், கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருதை 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் வாங்கியது. அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அங்கேயும் அவள் வருகிறாள். வந்தவள் என்ன நினைத்தாள் என்று அந்தப் பாட்டிலும் ஒரு வார்த்தை கிடையாது.

எங்கள் பக்கத்துப் பழைய கதைப்பாட்டில் நிலைமை வேறு. முத்துப்பட்டன் என்ற பிராமணன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் கட்டி, செருப்புத் தைத்து, மாடு காவலில் செத்துப்போகிறான். காரையாறு சொரிமுத்து ஐயன் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. நா. வானமாமலை இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தார். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர் இதைப் பாடும்போது, பட்டன் செத்த இடத்தைவிட, அந்த இரண்டு பேரும் புலம்பித் தீயில் இறங்கும் இடத்தில்தான் கூட்டம் கலங்கும். அங்கே அந்தப் பெண்களும் சாகிறார்கள் என்பதை மறந்துவிட்டு மெச்ச முடியாது. இருந்தாலும் அவர்களுக்குப் பேச இடம் இருந்தது.

2011 முதல் வந்த, காதல் தோல்வியைப் பாடும் ‘சூப்’ பாட்டுகள் எனக்கு ஒத்துவரவில்லை. தோற்றவன் அவளைத் திட்டுகிறான், கூட்டாளிகள் கைதட்டுகிறார்கள். ராஜேந்தரின் நாயகன் மிகையாகப் புலம்பினான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் ராசியைத்தான் நொந்துகொண்டான்.

மைனிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பீடி சுற்றுவதை விட்டாயிற்று. ஜோன்ஸின் பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமலே பாதியில், “யாரு செத்தா?” என்றாள். கதையைச் சொன்னேன். அவள் முந்தியே வந்திருக்கலாமே என்று நான் இழுத்தேன்.

“வந்தாள்லா? புருசன் வீட்லருந்து கெளம்பி வரணும்லா, என்ன சொல்லிட்டு வந்தாளோ” என்றாள் மைனி.